படிக்கட்டுக்கு ஒரு சுவிட்ச்

மாலை ஆறு பன்னிரண்டுக்குக் கைபேசி ஒருமுறை அதிர்ந்தது. 'படிக்கட்டு: இணைப்பில் உள்ளது.'

வீரமணி அந்த வரியை இரண்டு முறை படித்தான். இருபத்திமூன்று நாளாக அந்தப் பெயருக்கு எதிரே 'இணைப்பில் இல்லை' என்றுதான் இருந்தது. அது அவனே செய்தது. மனைவி மகாலட்சுமியைத் தூக்கிக்கொண்டுபோன அன்று படிக்கட்டு பல்பின் சுவிட்சை நிறுத்தி, அதன்மேல் கறுப்பு நாடாவை மறுபடி அழுத்தி ஒட்டிவிட்டு வந்திருந்தான். கைபேசியால் இயங்கும் பல்புக்குச் சுவரிலுள்ள சுவிட்ச் எப்போதும் போட்டே இருக்க வேண்டும். நிறுத்திவிட்டால் அதற்கு மின்சாரம் போகாது, கூப்பிட்டாலும் கேட்காது. இப்போது கேட்கிறது என்றால் யாரோ சுவிட்சைப் போட்டிருக்கிறார்கள்.

பாதி திருத்திய விடைத்தாள்களை மூடிவைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தான். கூடத்தின் மூலையிலிருந்து நேராக மேலேறும் பதினொரு படிகள், அவற்றின் உச்சியில் மாடிக்கதவு. கதவுக்கும் சுவருக்கும் நடுவே தேங்கியிருந்த இருட்டிலிருந்து ஒரு வாசனை இறங்கி வந்தது. முக்கால்வாசி காய்ந்து, திடீர் மழையில் நனைந்து, அவசரமாகச் சுருட்டி எடுக்கப்பட்ட துணிகளின் வாசனை. கொடியில் துணி போட்டு இருபத்திமூன்று நாளாகிறது. அவன் துணிகளைச் சமையலறை ஜன்னல் கம்பியில்தான் காயப்போடுகிறான்.

உச்சிப் படியில் அனு உட்கார்ந்திருந்தாள். ஐந்து வயது. முழங்காலைக் கட்டிக்கொண்டு மாடிக்கதவைப் பார்த்தபடி இருந்தாள்.

கைபேசி வெளிச்சத்தோடு ஏறினான். நாடா உரிக்கப்பட்டிருந்தது. கிழித்து எறியப்படவில்லை. சுவிட்சுக்குப் பக்கத்துச் சுவரிலேயே ஒட்டி, அடுத்த முறை நகத்துக்குச் சுலபமாக அகப்படும்படி ஒரு முனை சிறிதாக மடித்துவிடப்பட்டிருந்தது. அப்படி மடிப்பவள் ஒருத்திதான்.

"சுவிட்ச யாரு தொட்டது?"

"நான் இல்லப்பா. எனக்கு எட்டாது."

"அப்ப?"

"அம்மா."

பள்ளிக்கூடத்தில் சக ஆசிரியை சொல்லியிருந்தாள், பிள்ளைகள் இப்படிப் பேசும், மறுக்க வேண்டாம் என்று. அவன் மறுக்கவில்லை.

"அம்மா இன்னா பண்ணிச்சு?"

"அணைச்சிச்சு."

தலைக்கு மேலே பல்பு இருண்டுதான் இருந்தது. சுவிட்ச் போட்டும் எரியாத பல்பு. குழந்தை சொன்னதில் தப்பில்லை என்று நினைத்துக்கொண்டான். தூக்கி இடுப்பில் வைத்தபோது அவள் சட்டையின் முதுகுப்பக்கம் ஈரமாக இருந்தது. முழுதும் இல்லை. குறுக்கே, பட்டையாக, ஒரு முழங்கை அகலத்துக்கு.

*

சுவிட்சா பல்பா என்று அவனும் மகாலட்சுமியும் மூன்று வாரம் சண்டை போட்டார்கள்.

சண்டை என்று சொல்ல முடியாது. செஞ்சியிலிருந்து திண்டிவனம் போகிற சாலையை ஒட்டிய தெருவில், இருவர் சம்பளத்திலும் வாங்கிய பழைய வீடு. கட்டிய கொத்தனார் படிக்கட்டுக்கு மேலே மட்டும் சுவிட்ச் வைத்திருந்தார், கீழே வைக்கவில்லை. கீழே இருப்பவன் இருட்டில் ஏறிப் போய்த்தான் விளக்குப் போட வேண்டும். வீரமணி தனியார் பள்ளியில் கணினி ஆசிரியன். கைபேசிப் பல்பு வாங்கிவிட்டால் கீழிருந்தே போடலாம், சுவரை உடைக்க வேண்டாம், வயர் இழுக்க வேண்டாம், மாலையில் மங்கலாகவும் படிக்கும்போது வெள்ளையாகவும் மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினான். மகா அந்தத் தாளைப் படித்தாள். தாலுகா அலுவலகத்தில் தன் மேசைக்கு வரும் மனுவைப் படிக்கிற மாதிரி, கடைசி வரி வரை.

"பல்பு உங்களுக்குங்க. சுவிட்சு வூட்டுக்கு," என்றாள். "இருட்டுல வர்றவங்க கை சுவத்தத்தான் தேடும். உங்க போன தேடாது. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, போன்லயும் வேலை செய்யிற சுவிட்சாவே போட்டுடலாமே."

அவன் பல்பு வாங்கினான்.

அவளுக்குக் கை சும்மா இருக்காது. எந்த அறையை விட்டு வந்தாலும் சுவிட்சை நிறுத்திவிட்டு வருவாள், பல்பு இணைப்பு போய்விடும். இரண்டு முறை சொன்னான். மூன்றாம் முறை எல்லாச் சுவிட்சையும் போட்டுவைத்து, கறுப்பு நாடா ஒட்டி, வெள்ளை மையில் 'தொடாதே' என்று எழுதினான். கரண்ட் போய் வரும்போதெல்லாம் பல்புகள் தாமாக எரிந்து அனு விழித்துக்கொண்டாள் என்று, அப்படி எரியாதபடியும் மாற்றிவைத்தான்.

ஒரு பேசும் பெட்டியும் செய்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கட்டளையிட்டால் கேட்கும். "வூட்ல எல்லா வேலையும் செய்யிறது நானு. அதுக்கு மட்டும் எதுக்கு வேற பேரு?" என்றாள். எனவே பெட்டிக்கும் மகா என்றே பெயர். படுக்கப் போகும்போது எல்லா விளக்கையும் நிறுத்த ஒரு கட்டளை எழுதினான். அவன் முதலில் எழுதிய சொல் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"வெளக்க அந்த வார்த்த சொல்லக்கூடாதுங்க. எங்கம்மா அடிப்பாங்க. மலையேத்துன்னு சொல்லணும்."

கட்டளை, 'மகா, மலையேறு' என்றானது. பெட்டி பதில் சொல்ல அவள் குரலையே பதிந்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரிங்க". எரியவைக்கும் கட்டளையை அடுத்த வாரம் எழுதலாம் என்றிருந்தான். எழுதவில்லை.

மகாவின் அண்ணன் தேவேந்திரன் வந்தபோது அனு அவனுக்குச் செய்து காட்டினாள். தளவானூர்க்காரன், ரேஷன் கடையில் எடை போடுபவன். வயிறு குலுங்கச் சிரித்தான். "செஞ்சியில இருந்துகினு லைட்ட மலையேறுன்னா, அது எந்த மலைன்னு கேக்காதா மாப்ள? ராஜகிரியா கிருஷ்ணகிரியா?"

ஐப்பசியில் ஒரு மாலை மழை வந்தது. மகா துணி எடுக்க மாடிக்கு ஓடினாள். கரண்ட் போய், உடனே வந்தது. பல்புகள் எரியவில்லை. நெட் திரும்பவில்லை. நெட் இல்லையென்றால் பெட்டியும் ஊமை. அவன் கைபேசியில் வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் கை நிறையத் துணியோடு மேலே நின்றிருந்தாள்.

"ஏங்க. லைட்டு."

"இரு மகா. வருது."

சுவிட்சைத் தட்டிப் பார்த்திருப்பாள் போலிருக்கிறது. நாடா உரிந்து கிடந்தது, முனை மடித்து. தட்டினாலும் எரியாது. அவன்தான் மாற்றிவைத்திருந்தான்.

மேலிருந்து நாலாவது படியில் தொடங்கித் துணிகள் சிதறியிருந்தன. ஆம்புலன்ஸ் வருவதற்குள் விளக்கு வந்துவிட்டது.

*

நாடாவை மறுபடி ஒட்டினான். மறுநாள் ஆறு பன்னிரண்டுக்குக் கைபேசி அதிர்ந்தது. அதற்கு அடுத்த நாளும். சுவிட்ச் மட்டும் போடப்பட்டிருக்கும், பல்பு எரியாமல் காத்திருக்கும். ஒவ்வொரு முறையும் அனு உச்சிப் படியில் இருப்பாள். முதுகில் அதே ஈரப் பட்டை. இரவில் இருமினாள். கைகால்கள் பானைத்தண்ணீர் போலக் குளிர்ந்தன.

மாடிக்கதவுக்குப் பூட்டுப் போட்டான். ஈரம் குறையவில்லை.

"அம்மா ஏன் அங்கியே நிக்குது?" என்று ஒருநாள் கேட்டேவிட்டான். கேட்டபின் வெட்கமாக இருந்தது.

"நான் எறங்கி வான்னு சொன்னேன்ப்பா. இருட்டா இருக்குதாம். பயமா இருக்குதாம்."

அவன் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றான். அழுகை வரும் என்று நினைத்தான். தண்ணீர்தான் வந்தது.

தேவேந்திரன் போன் செய்தான். "மாப்ள, புள்ளைய எங்கிட்ட உட்டுடு. தங்கச்சி மாதிரியே என் வூட்டுக்காரி பாத்துக்குவா."

"அனு எங்கூட இருக்கட்டும் மச்சான்."

"புள்ள சொல்றது உனக்குக் கேக்குதா இல்லியா? போன்ல எங்கிட்டியே சொல்லுது, அம்மா தெனம் வருதுன்னு. செத்தவ புள்ள நெனப்புல சுத்துவா மாப்ள. கூட்டிக்கினு பூட்டான்னா? உனக்கு இன்னா, நீ காரியத்தன்னிக்கிகூட ஒரு சொட்டு அழுவல. புள்ளைக்கு நெஞ்சு கெடந்து தவிக்குது." நிறுத்தி மூச்சுவிட்டான். "அமாவாசைக்கு மலையனூர் போறோம். போற வழியில நான் வூட்டுக்கு வருவேன். அம்மன் காலடியில புள்ளைய வெச்சி எடுத்துக்கினு, நேரா தளவானூர். அந்தப் படிக்கட்ட வெச்சிக்கினு புள்ள வளக்காத. அதுல வெளக்குகூட இல்ல."

கடைசி வாக்கியம்தான் தைத்தது. அனு போய்விட்டால் இந்த வீட்டில் அவனோடு பேச அந்தப் பெட்டி மட்டும்தான் இருக்கும். விளக்கு இருந்தால் தேவேந்திரன் வாயை அடைக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வேறொரு காரணமும் இருந்தது. அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

எலக்ட்ரீசியன் பாண்டுரங்கன் அமாவாசைக்கு முதல்நாள் வந்தார். சுவரில் பள்ளமாகக் காடி எடுத்து வயர் இழுத்து, மேலே ஒன்று, கீழே ஒன்று, தொடு சுவிட்சின் கண்ணாடித் தகடுகள் பதித்தார். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு நீலப் புள்ளி. கைபேசிப் பல்புகளைக் கழற்றிவிட்டுச் சாதாரண பல்பு மாட்டினார். மற்ற அறைகளிலும் அப்படியே.

"இதத்தான் சார் மேடம் அன்னிக்கே கேட்டாங்க," என்றார். சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். அதை மறைக்க வேகமாகப் பேசினார். "இது தொட்டா போதும். ஆனா உசுருள்ள வெரலு படணும். குச்சியால குத்தினா கேக்காது, பேனாவால குத்தினா கேக்காது. ஈர வெரலுன்னாலும் அடம்புடிக்கும், நடுங்கினாலும் அடம்புடிக்கும். நெதானமா வெச்சி எடுக்கணும். யாரு எதால போட்டாங்கன்னு போன்ல காட்டிடும் பாருங்க. திருட்டுத்தனமே பண்ண முடியாது."

காட்டியது. பேசும் பெட்டியையும் வீரமணி அவற்றோடு இணைத்தான். பெட்டி என்றால் 'குரல்'. செயலி என்றால் 'கைபேசி'. விரல் என்றால் 'தொடுதல்'.

போகும்போது பாண்டுரங்கன் மேல்தகட்டைத் துணியால் துடைத்தார். இரண்டு முறை துடைத்தார். "ஈரக்கை யாரு வெச்சது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பையை எடுத்துக்கொண்டார்.

*

அமாவாசையன்று மதியத்திலிருந்தே சாலையில் சிறப்புப் பேருந்துகள் மேல்மலையனூருக்குப் போய்க்கொண்டிருந்தன. வேன்களிலிருந்து பம்பைச் சத்தம் தெருமுனை வரை வந்து திரும்பியது. ஐந்தே முக்காலுக்கெல்லாம் வெளிச்சம் வற்றிவிட்டது. வீரமணி கூடத்து விளக்கைப் போட்டு, அனுவைக் கட்டிலில் உட்காரவைத்துத் தலை வாரினான். பையில் இரண்டு கவுன் மட்டும் வைத்திருந்தான். இரண்டு நாளில் போய் அழைத்துவந்துவிடுவான். தேவேந்திரனிடம் அப்படித்தான் பேசியிருந்தான்.

"மாமா வந்தவுடனே லைட்ட அணைச்சிட்டுக் கெளம்பணும், சரியா?"

அனு திரும்பி அவன் வாயைப் பொத்தினாள். விரல்கள் சில்லென்றிருந்தன.

"அப்டி சொல்லக்கூடாதுப்பா. அம்மா திட்டும். லைட்ட மலையேத்துன்னுதான் சொல்லணும்."

சீப்பு நின்றது.

"நீதான பாப்பா சொன்ன? அன்னிக்கி. அம்மா அணைச்சிச்சுன்னு."

"ஆமா."

"லைட்டத்தான?"

"லைட்டயா?" அவள் சிரித்தாள். அவன் எதையோ தெரியாமல் கேட்டுவிட்டது போல. "என்னைய."

இரண்டு கையாலும் தன்னையே சுற்றிக் கட்டிக் காட்டினாள். வலது கை இடது தோளில். இடது கை முதுகுக்குக் குறுக்கே, பட்டையாக.

முன்னறையில் கைபேசி அடித்தது. எழுந்து போனான். கால்கள் போயின, மனம் போகவில்லை. தேவேந்திரன். பின்னால் பேருந்து நிலையத்தின் இரைச்சல்.

"எறங்கிட்டேன் மாப்ள. பத்து நிமிஷம். புள்ள ரெடியா?"

"மச்சான், நீ சீக்கிரம்..."

காதில் கைபேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். 6.12.

'படிக்கட்டு, மேல். தொடுதல். எரிகிறது.'

மாடிக்கதவு பூட்டியிருக்கிறது. சாவி அவன் சட்டைப்பையில். அனுவுக்குத் தகடு எட்டாது.

கைபேசி மேசையில் விழுந்தது. அங்கிருந்து தேவேந்திரன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான், சின்னக் குரலில், டப்பாவுக்குள் அடைத்த மனிதனைப் போல.

கட்டிலில் சீப்பு மட்டும் இருந்தது.

படிக்கட்டு வெளிச்சமாக இருந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு முழுதாகத் தெரிந்தது. சுவரில் அனு கிறுக்கிய மாம்பழம். காடி எடுத்துப் பூசிய புதுச் சிமெண்டு. உச்சியில் பூட்டு தொங்கும் கதவு. ஈரத்துணி வாசனை, இப்போது கூடம் முழுக்க.

அனு மேலிருந்து முதல் படியில் இருந்தாள். முதல் படிக்கு மேலே.

அவள் கால்கள் தொங்கிக்கொண்டிருந்தன. பாதத்துக்கும் படிக்கும் நடுவே மூன்றடி வெற்றிடம். கன்னம் எதன்மேலோ சாய்ந்திருந்தது. கைகள் எதையோ கட்டியிருந்தன. அங்கே ஒன்றும் இல்லை. கவுனின் முதுகு மட்டும் உள்ளமுங்கி, ஒரு கை இறுக்கினால் விழும் மடிப்போடு இருந்தது. படியில் தண்ணீர் சொட்டியது. ஒரு சொட்டு. இன்னொன்று.

இறங்கியது.

இரண்டாவது படி. நின்றது. மூன்றாவது. நின்றது. கை நிறையச் சுமையோடு, கால் தெரியாமல், ஒவ்வொரு படியாகத் தடவித் தடவி இறங்குகிறவர்களின் நிதானம்.

அனுவின் உதடு வெளுத்திருந்தது. கண் மூடியிருந்தது.

கூட்டிக்கினு பூட்டான்னா?

ஏறு என்று சொல்லிக்கொண்டான். கால் கேட்கவில்லை. ஓடு. கேட்கவில்லை. வாய் மட்டும் இருந்தது. முப்பது நாளாக உச்சரிக்காத பெயர் அதில் இருந்தது.

"மகா," என்றான். "புள்ளைய உட்டுடு."

நாலாவது படி. ஈரக் காலின் அடையாளம் ஒன்று, வெறும் சிமெண்டில், ஐந்து விரலோடு விழுந்தது.

சாமி வந்தவர்களிடம் ஊரில் கும்பிட்டுச் சொல்கிற வார்த்தை ஒன்று உண்டு. போய்விடு என்று நேராகச் சொல்ல மாட்டார்கள். அவன் கைகூப்பினான். அந்த வார்த்தைதான் வந்தது.

"மகா, மலையேறு."

கூடத்து மூலையிலிருந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவள் குரல் சொன்னது:

"சரிங்க."

எல்லா விளக்கும் போனது. கூடம். சமையலறை. முன்னறை. படிக்கட்டு. ஒரே சமயத்தில்.

இருட்டு.

அப்புறம்தான் புரிந்தது. அவள் குழந்தையைக் கொண்டுபோகவில்லை. அவனிடம்தான் இறங்கி வந்துகொண்டிருந்தாள். முப்பது நாள் விளக்குக்காகக் காத்திருந்துவிட்டு.

சுவரில், கைக்கு எட்டும் இடத்தில், நீலப் புள்ளி. பாய்ந்து விரலை வைத்தான். எரியவில்லை. விரல் நனைந்திருந்தது. சட்டையில் துடைத்தான். வைத்தான். எரியவில்லை. நடுங்கியது. இன்னொரு கையால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். நெதானமா வெச்சி எடுக்கணும். வைத்தான். எரியவில்லை.

தெருவில் பம்பைச் சத்தம் வந்து, கடந்து, நின்றது.

மேலே, நாலாவது படியிலிருந்து:

"ஏங்க. லைட்டு."

கண்ணாடி. விரல். கண்ணாடி. விரல்.

"இரு மகா," என்றான். "வருது."

இருட்டில், குழந்தையைச் சுமந்த ஈரக் கால் ஒன்று அடுத்த படியைத் தேடும் சத்தம் கேட்டது.